ஆண்டவன் துணை எதற்கு?

கஷ்டம் வந்தால்தான் மனிதன் கடவுளை நினைக்கிறான் என்று சிலர் கேலி பேசுவது உண்டு. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? அடிபட்ட பிள்ளை தாயைத் தேடி ஓடுவது குற்றமா?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஊரில் ஒரு துன்பம் என்றால் மாமன் வருவான், பங்காளி வருவான். வெளி மாநிலத்தில், வாடகை அறையில், யாரிடம் போய்ச் சொல்வது? "அப்பனே, நீதான் துணை" என்று ஆண்டவனிடம்தான் சொல்லவேண்டி இருக்கிறது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880-களில் அங்கே ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் இருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். உள்ளே தாங்க முடியாத சூடு. பாறை எப்போது வெடித்துச் சரியும் என்று யாருக்கும் தெரியாது. கல் தூசி நுரையீரலைக் கெடுத்தது.

அந்தத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்கு நடுவே கோவில்களும் மாதா கோவில்களும் எழுந்தன. அங்கே கும்பிட்டதால் பாறை சரிவது நின்றுவிடவில்லை. ஆனால், மறுநாள் மீண்டும் குழிக்குள் இறங்க மனதில் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா? அதைத்தான் அவர்கள் ஆண்டவனிடம் கேட்டார்கள்.

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. ஆனால் கோவில்களில் விளக்கு அணையவில்லை. விடியுமுன் ரெயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்பும் தங்கவயல்காரர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கடவுள் நம்பிக்கை துன்பத்தை விரட்டும் மந்திரம் அல்ல. துன்பத்தைச் சுமக்கும்போது கூட இருக்கும் துணை அது. திருநாவுக்கரசரை நீற்றறையில் அடைத்தார்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்று பெரியபுராணம் கூறுகிறது. அத்தனை பட்ட பிறகும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. கோவில் கோவிலாகப் போய்ப் புல் செதுக்கினார். ஆண்டவன் துணை இருக்கிறது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

ஆகவே, நோய் வந்தால் சாமியும் கும்பிடவேண்டும், டாக்டரிடமும் போகவேண்டும். சம்பள பாக்கி இருந்தால் சங்கத்தில் சொல்லிக் கேட்கவேண்டும். "பணம் கட்டு, பூஜை செய்கிறேன், கடன் தீரும்" என்பவனிடம் ஏமாறக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஆறுதல் பெற்றவன் அதைத் தன்னோடு பூட்டி வைக்கக் கூடாது. பக்கத்து அறையில் ஒருவன் காய்ச்சலில் தனியாகக் கிடந்தால், ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். "ஆண்டவனே, யாரும் இல்லையா?" என்று அவன் கேட்டிருப்பான். அந்தக் கஞ்சிதான் அதற்குப் பதில்.