ஆறடிக் கயிறு

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று தொடங்கிப் பத்து வரி எழுதாமல் நம்மில் எவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நாய் நமக்குச் செய்வதைப் பற்றியே அந்தப் பத்து வரியும் இருக்கும். நாம் நாய்க்குச் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரியாவது எழுதியிருப்போமா? 2024 மே மாதம் அமெரிக்காவில் ஒரு பாலைவன ஊரில், அக்காளும் தங்கையுமாகிய எங்கள் இருவர் முன்னும் இந்தக் கேள்வி வந்து நின்றது. நின்றது என்ன, எங்களைத் தலைகுனியவே வைத்துவிட்டது.

விடுமுறை முடிந்து திரும்பியதும் இடைவேளையில் தோழியரிடம் பயணக் கதை சொன்னோம். "அங்கே நாயை ஆறடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும், ஒரு நொடியும் அவிழ்த்துவிடக் கூடாது" என்றதும் பாதி வகுப்பு "ஐயோ பாவம்!" என்றது. "அவ்வளவு தூரம் அழைத்துப் போய்க் கட்டி வைப்பதா? அதற்கு வீட்டிலேயே விட்டிருக்கலாமே!" என்று ஒருத்தி கேட்டாள். போவதற்கு முன் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இப்போது எங்கள் கருத்து வேறு. அதற்காகவே எழுதுகிறோம்.

எங்கள் சித்தி குடும்பம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வசிக்கிறது. அவர்களிடம் ஒரு சக்கர வீடு உண்டு. ஆர்.வி. என்று அங்கே சொல்லும் வகை வண்டிகளில் ஒன்று. லாரி போன்ற பெரிய காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம். உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்சாதனம், கழிப்பறை எல்லாம் அடக்கம். இந்த வீட்டோடு சுமார் 570 கிலோமீட்டர் பயணம் செய்து, உட்டா மாநிலத்தின் மோவாப் என்ற சிற்றூரில் இறங்கினோம். சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன், எங்கள் அம்மா, நாங்கள் இருவர் என ஆறு பேர். இவர்களோடு இரண்டு நாய்கள். ஒன்று மணி. அது சித்தப்பா வைத்த பெயர். அங்குள்ளவர்கள் வாயில் அது 'மனி' ஆகி, பணத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது! மற்றொன்று ஷெரி, சற்றே பயந்த சுபாவம்.

சக்கர வீடுகள் தங்கும் முகாமை நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்துக்கு ஒப்பிட்டால் மிகையாகாது. வரிசையாக இடம் பிரித்திருப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் ஒரு சாக்கடை வாய். வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ஒன்றில் சேரும். கழிப்பறைக் கழிவு மற்றொன்றில் சேரும். தடித்த குழாயை மாட்டி இரண்டையும் திறந்துவிடும் வேலை சித்தப்பாவுடையது. (அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் எப்படியோ வேறு வேலை வந்துவிடும்.) பக்கத்து வீடு நான்கு எட்டு தூரத்தில் இருக்கும். சுவர்களோ மெல்லியவை. அங்கே யார் இருமினாலும் இங்கே கேட்கும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது பெரும்பாலான முகாம்களின் சட்டம். நாய்க்கு அது தெரியுமா?

இரண்டாம் நாள் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். இயற்கை செதுக்கிய செம்மணற்கல் வளைவுகள் அங்கே 2,000-க்கு மேல் உண்டு. ஆனால் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. வாகன நிறுத்தம், சாலையோரம், பூங்காவின் முகாம் ஆகிய இடங்களில் மட்டுமே வரலாம், அதுவும் கயிற்றோடு. ஆகவே நாய்களை வண்டியிலேயே விட்டு, குளிர்சாதனத்தை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். திரும்பியதும் சாப்பிடலாம் என்று சித்தி மின்குக்கரில் சோறும் வைத்துவிட்டார்.

இங்கேதான் ஒரு பௌதிகப் பாடம். எங்கள் இடத்து மின்கம்பம் 30 ஆம்பியர். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். குளிர்சாதனம் அதில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். வெந்நீர்த் தொட்டி அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது, மேலே சோற்றுக் குக்கர் வேறு. மூன்றும் ஒன்றாக இழுத்தபோது கம்பத்தில் இருந்த காப்புச் சுவிட்சு விழுந்துவிட்டது. சுவிட்சு தன் கடமையைத் தவறாமல் செய்தது. கடமை தவறியவர்கள் நாங்கள்.

அன்று வெயில் 29 டிகிரி செல்சியஸ். நமக்கு அது வெயிலே அல்ல. ஆனால் அதே 29 டிகிரியில் பூட்டிய காருக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 40 டிகிரியும், அரை மணியில் 48 டிகிரியும் ஆகிவிடும் என்பது கால்நடை மருத்துவர்கள் காட்டும் கணக்கு. சக்கர வீடு காரைவிடப் பெரியது, சற்று மெதுவாகச் சூடேறும். அவ்வளவுதான் வித்தியாசம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்?

நாங்கள் பாறைகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதியர் இருந்தனர். எங்கள் வண்டியின் குளிர்சாதன இரைச்சல் நின்றதை அந்த அம்மையார் கவனித்திருக்கிறார். சிறிது நேரத்தில் குரைப்புச் சத்தம் எழுந்தது. நெடுநேரம் கேட்டதாம். பிறகு அதுவும் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகுதான் தமக்குப் பயம் வந்தது என்றார் அவர். கணவர் சுவிட்சை உயர்த்திப் பார்த்தார். அது மீண்டும் விழுந்தது. முகாம் மேலாளர் சித்தப்பாவின் கைபேசிக்கு அழைத்தார். பூங்காவுக்குள் பல இடங்களில் சமிக்ஞை கிடைப்பதில்லை. மூன்றாம் முறைதான் கிடைத்தது. கதவின் எண்பூட்டு இலக்கங்களைச் சித்தப்பா நடுங்கும் குரலில் சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

நாங்கள் திரும்பியபோது மணியும் ஷெரியும் மரநிழலில் ஈரத் துணியின் மேல் கிடந்தன. மணி வாலை ஒரு முறை ஆட்டியது. ஷெரி தலையைத் தூக்கவில்லை. அம்மையார் அதன் பாதங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "நீங்கள் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சித்தி, "ஆறு பேர்" என்றார். "ஆறு பேர்" என்று அவரும் ஒரு முறை சொல்லிவிட்டு, மீண்டும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

மாலைக்குள் இரண்டும் எழுந்து உண்டன. நல்ல வேளை! குக்கரில் வேகாமல் கிடந்த அரிசியை அன்று யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு சித்தப்பா, வெப்பம் ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். அப்படிப்பட்ட கருவிகள் கடையில் உண்டு, பலரும் வைத்திருக்கிறார்கள். வாங்கட்டும், வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சமிக்ஞையே இல்லாத மலையிடுக்கில் நிற்பவருக்குச் செய்தி வந்து என்ன, வராமல் என்ன? வந்தாலும், முக்கால் மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பவர் கதவைத் திறப்பது எப்படி? "நாய் எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று சொல்லாத குடும்பம் அந்த முகாமில் ஒன்றுகூட இல்லை. நாங்களும் சொன்னோம். கைக்குழந்தையை அப்படிப் பூட்டிவிட்டுப் போயிருப்போமா? மாட்டோம் அல்லவா! ஒருவர் தங்கியிருப்பார். அந்த ஒருவர் ஒரு வளைவைப் பார்க்காமல் இழந்திருப்பார். அந்த இழப்பைக் கொடுக்க மனமில்லாதவர் நாயை அழைத்துச் செல்லக் கூடாது என்பதே எங்கள் கருத்து. நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் உண்டு. அவற்றுக்குப் பணம் கொடுக்கலாம். வீட்டோடு விட்டு, நம்பிக்கையான ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஷெரியைப் பொறுத்தவரை அதுவே நல்லது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. புதிய இடத்தில் அது மூன்று இரவும் சரியாக உறங்கவில்லை. அதை அழைத்து வந்தது எங்கள் ஆசைக்காகத்தான், அதன் ஆசைக்காக அன்று. சித்தி இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

இனி அந்தக் கயிற்றுக்கு வருவோம்.

மோவாப் பகுதியில் மண்ணைக் கவனித்துப் பார்த்தால் கருமையான பொருக்குப் போல ஒன்று தெரியும். வெறும் மண்கட்டி என்று நினைத்து மிதித்துவிடுவோம். ஆனால் அது உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து மணலைப் பிணைத்து, காற்று அள்ளிக்கொண்டு போகாமல் காக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் அது மீள்வதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். மனிதரைப் பாதையைவிட்டு இறங்காதே என்று பலகை வைத்துத் தடுக்கலாம். முயலைக் கண்ட நாய் பலகையைப் படிக்குமா?

கயிறு நாயையும் காக்கிறது. 1981 ஜூலையில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வண்டியிலிருந்து தப்பிய ஒரு நாய், குளம் என்று நினைத்து வெந்நீர் ஊற்றில் குதித்துவிட்டது. அந்த நீரின் வெப்பம் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸ். நாய்க்கு உரியவரின் நண்பர், 24 வயது இளைஞர், சுற்றி நின்றவர்கள் கத்தியும் கேளாமல் அதைக் காப்பாற்றத் தலைகீழாகப் பாய்ந்தார். நாய் அங்கேயே இறந்தது. மறுநாள் மருத்துவமனையில் அவரும் இறந்தார். சித்தப்பா இதைச் சொன்ன பிறகு, கயிற்றைப் பார்த்து "பாவம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நாயோடு பயணம் போவது புதிய நாகரிகம் என்றும் சிலர் சொல்லக் கேட்டோம். அப்படியன்று. மறைக்கல்வி வகுப்பில் படித்த தோபித்து நூலை நினைத்துப் பாருங்கள். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் தொலைதூரம் புறப்பட்டபோது வீட்டு நாயும் கூடவே போயிற்று. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் லாரியின் மேல் ஒரு சிறு வீட்டை அமைத்துக்கொண்டு, சார்லி என்னும் தம் நாயுடன் நாட்டையே சுற்றி வந்தார். சாதுவான அந்த நாய் எல்லோஸ்டோனில் கரடிகளைக் கண்டதும் வெறிபிடித்ததுபோல் குரைத்துத் தீர்க்க, அவர் பூங்காவைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்தத் திருப்பத்தால்தான். அவர் 1962-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை சித்தி ஒரு தாளில் எங்கள் பெயர்களை எழுதி முறை வைத்தார். யாராவது ஒருவர் நாய்களோடு இருக்க வேண்டும், மற்றவர்கள் போகலாம். அன்று போக வேண்டியது டெலிகேட் வளைவு. போகவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடை, நிழலற்ற பாறை ஏற்றம். ஆறு பேருக்கும் அதைத்தான் பார்க்க ஆசை. தாளில் முதல் பெயர் எங்களில் மூத்தவளுடையது. சித்தப்பா அதை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதிக்கொண்டார்.

விடியற்காலையில் நாங்கள் ஐவரும் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினோம். அவர் கீழே வாகன நிறுத்தத்தில் நாற்காலி போட்டு, ஒரு கையில் இரண்டு கயிறுகளும் மறு கையில் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து வளைவு தெரியாது. "எப்படி இருந்தது?" என்று கேட்டார். வருணிக்கத் தெரியாமல் விழித்தோம். உட்டா மாநிலத்துக் கார்களின் எண் பலகையில் அந்த வளைவின் படம் அச்சிட்டிருக்கிறது. அவர் எதிரே நின்ற காரின் பின்புறத்தைக் காட்டி, "நானும் இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார்.