முதலாளி போனார், மலை நின்றது

பனிமலையில் சறுக்கி விளையாடுவது சீமான்களின் பொழுதுபோக்கு, உழைப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்துப் பெரிய சறுக்குத் தலத்தில் 2024-25 பருவத்தில் ஒருநாள் சீட்டு 300 டாலரையும் தாண்டிற்று. கேள்வி நியாயந்தான்!

ஆனால் அதே நாட்டில், வெர்மான்ட் மாநிலத்து வெஸ்ட் விண்ட்சரையும் பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். அங்கே அஸ்கட்னி மலையில் சறுக்குத் தொழில் நடத்திய முதலாளிகள் 2010இல் கடையைக் கட்டினர். ஆளை மேலே ஏற்றும் இயந்திரமும் விலைபோயிற்று. ஊரார் கைபிசைந்து நின்றனரா? இல்லை! கூடி வாக்களித்தனர். பொது நில அறக்கட்டளையின் துணையோடு, 2015இல் 469 ஏக்கர் மலைநிலத்தை ஊர்ச்சொத்தாக்கினர். இன்று இழுவைக் கயிற்றை ஓட்டுவது தொண்டர்கள். காட்டுச் சரிவைச் சீர்செய்வதும் அவர்களே. காலால் ஏறிச் சறுக்கி இறங்குபவனை மறிக்க வேலியில்லை.

நிலம் பொதுவாயிற்று, செலவு மட்டும் இன்னும் உண்டியலை நம்பி நிற்கிறது. கயிறு தேய்ந்தால் மாற்ற வேண்டும், விபத்துக் காப்பீடு கட்ட வேண்டும். பனி பொய்த்த ஆண்டில் சீட்டு வருமானமும் இராது. தொண்டன் கூலி கேட்கவில்லை என்பதற்காகச் சர்க்கார் கைகட்டிக்கொள்வதா? நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வரிப்பணம் உண்டென்றால், ஊரார் நடத்தும் மலைக்கும் ஆண்டுதோறும் நிலையான மானியம் ஒதுக்கட்டும். பிச்சையாக அல்ல, பாத்தியதையாக!