வளைவுக்கு என்னிடம் கேட்காதீர்கள்



45 ஆண்டுக்குப் பின், நான் படித்த கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்குப் பனமலையிலிருந்து போய் வந்தேன். சால்வை, செல்ஃபி எல்லாம் உண்டு. பழைய மாணவியர் பேசியதோ முகப்பு வளைவு கட்டுவதைப் பற்றி! தமிழ்வழி வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அது யார் கண்ணிலும் படவில்லை.

1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் ஹேரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினாரே, வளைவு கட்டவா?

அரசு உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கும், 2024 டிசம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதை எந்தத் தாயிடமாவது போய்ச் சொன்னோமா?

செஞ்சிப் பக்கத்துப் பெண்பிள்ளை நாலு பேருக்கு விடுதிச் செலவு என்று கேளுங்கள். இந்த மாதப் பென்ஷனிலேயே தருகிறேன்.