இரு மொழிகளுக்கு நடுவே நிரல் எழுதுவோரின் கோரிக்கைச் சாசனம்

லைப்ரரி எழுதுவோருக்கும் கம்பைலர் உருவாக்குவோருக்கும்:

ஆர் மொழியில் ஒருவர் அணிக்கணக்கைத் தீர்க்கச் சொன்னால், வேலையைச் செய்வது 1992இல் வெளியான லாபேக் என்னும் ஃபோர்ட்ரான் லைப்ரரி. அந்த இரண்டையும் பிணைக்கும் நிரலை எழுதுவது எங்களைப் போன்றவர்கள். ஓடும்வரை எங்களை யாருக்கும் தெரியாது. கிராஷ் ஆனால் முதல் புகார் எங்களுக்கு.

2019இல் நடந்ததை நினைவூட்டுகிறோம். ஃபோர்ட்ரானுக்கு எழுத்துச்சரம் அனுப்பினால், அதன் நீளத்தையும் கடைசியில் ஒரு மறைமுக ஆர்க்யுமென்டாகக் கம்பைலர் எதிர்பார்க்கும். சி-யிலிருந்து லாபேக்கை அழைத்த பலரும், அனுப்பும் சரம் ஓரெழுத்துத்தானே என்று பல ஆண்டுகளாக நீளத்தை அனுப்பவே இல்லை. அப்படியும் ஓடியது. பிறகு ஜிஃபோர்ட்ரான் என்னும் கம்பைலர் நிரலை வேகப்படுத்த ஒரு மாற்றம் செய்தது. அனுப்பப்படாத நீளத்துக்குரிய இடத்தில் அது எழுத, அங்கிருந்த வேறு தரவு அழிந்தது. ஆர் நிரல்கள் உடைந்தன. விதிப்படி கம்பைலர் பக்கமே நியாயம். ஆனாலும் அதை உருவாக்குவோரே இறங்கிவந்து ஒரு மாற்று வழி தர வேண்டியிருந்தது.

ஆகவே, மறைவாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். சி-யோடு பேச ஃபோர்ட்ரான் 2003 தரநிலையே முறையான வழியைத் தந்திருக்கிறது; புதிய லைப்ரரிகள் அந்த வழியாகவே வெளியே வரட்டும்.

நினைவகத்தை ஒதுக்கும் லைப்ரரியே அதை விடுவிக்கும் ஃபங்ஷனையும் தர வேண்டும். விண்டோஸில் ஒரு டிஎல்எல் ஒதுக்கியதை மற்றொன்று விடுவிக்கப் போய்ப் பட்ட அவதி போதும்.

2006 முதல் பைத்தானோடு வரும் சிடைப்ஸ் லைப்ரரி சி ஃபங்ஷனை அழைக்கும்போது, அது திருப்பித் தருவது என்ன வகை என்று சொல்லாவிட்டால் முழு எண் என்றே எடுத்துக்கொள்கிறது. 64 பிட் பாயின்டர் பாதியாக வெட்டுப்படுகிறது; சில சமயம் தவறு உடனே தெரிவதுகூட இல்லை. வகை சொல்லாமல் அழைத்தால் மறுத்துவிடுங்கள். ஊகம் எங்களுக்கு உதவி அல்ல.

ஒரு மொழியின் எக்ஸெப்ஷன் எல்லை தாண்டி அடுத்த மொழிக்குள் விழக் கூடாது. பிழை எண்ணைத் திருப்பி அனுப்புங்கள்.

ஜாவாவிலிருந்து சி நிரலை அழைக்க உதவும் ஜேஎன்ஐ 1997இல் வந்தது. சி-யில் ஒட்டு நிரல் எழுதாமலே அழைக்கும் வழி நிலையான அம்சமாக வந்தது 2024இல், 22ஆம் பதிப்பில். வரவேற்கிறோம், ஆனால் அடுத்த மொழிக்காரர்களும் இத்தனை ஆண்டுகள் எங்களைக் காக்கவைக்க வேண்டாம்.

ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடுமுன், குறைந்தது ஒரு வேற்று மொழியிலிருந்தாவது உங்கள் லைப்ரரியை நீங்களே அழைத்துச் சோதியுங்கள்; சோதித்த நிரலையும் பதிப்போடு சேர்த்துக் கொடுங்கள்.