பட்டினி போட்டுப் பிடித்த பட்டணம்!

போர் நடக்கும் நாட்டில் ஒரு நகரம் முற்றுகையில் இருக்கிறது என்று பத்திரிகையில் படிக்கிறோம். முற்றுகை என்றால் என்ன? ஊரைச் சுற்றி வளைத்து, உள்ளே அரிசி போகாமல் தடுப்பது.

இது நமக்குப் புதிது அல்ல. 1751-ல் காஞ்சிபுரத்துக் கோவில் மதிலே கோட்டைச் சுவர் ஆயிற்று. உள்ளே பிரெஞ்சுக்காரர் பக்கத்துப் படை. வெளியே கிளைவின் பீரங்கி!

புதுச்சேரியின் கதை இன்னும் கொடியது.

1760 ஜனவரி 22-ந் தேதி, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். வென்றவர் அயர் கூட். பின்னர் ஆங்கிலப் படை புதுச்சேரியை வளைத்தது. கடலில் ஆங்கிலக் கப்பல்கள் காவல் நின்றன.

வெளியே தள்ளினார்

கோட்டையில் தானியம் குறைந்தது. நவம்பரில் லாலி ஒரு காரியம் செய்தார். சிப்பாய்களுக்குச் சோறு மிஞ்சவேண்டும் என்று, ஊர் மக்கள் சுமார் 1,400 பேரை வெளியே தள்ளினார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள்!

ஆங்கிலப் படையும் வழி விடவில்லை. உள்ளே திரும்பவும் முடியவில்லை. இரண்டு படைக்கும் நடுவே, புல்லின் வேரைத் தின்று எட்டு நாள் கிடந்தார்கள். அதன் பிறகே கூட் வழி விட்டார்.

1761 ஜனவரி 1-ந் தேதி இரவு புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் பல நாசமாயின. கடல் வழி திறந்தது. ஆனால் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை. சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் மீண்டும் வந்து நின்றன.

ஜனவரி 15-ந் தேதி லாலி பணிந்தார். அவர் கேட்ட நிபந்தனைகளைக் கூட் ஏற்கவில்லை. மறுநாள் ஆங்கிலப் படை உள்ளே நுழைந்தது. கோட்டை இடிக்கப்பட்டது. 1766-ல் பாரிசில் லாலியின் தலை வெட்டப்பட்டது.

இன்று என்ன?

மக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கொள்ளக்கூடாது என்று 1977-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. 2018-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையும் அதைக் கண்டித்தது. ஆனாலும் 2022-ல் உக்ரைனின் மரியுபோல் நகரம் மூன்று மாதம் முற்றுகையில் தவித்தது. மே மாதம் கடைசிப் படையினர் சரணடைந்தார்கள்.

சட்டம் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. காரணம் என்ன? உள்ளே இருப்பவன் தன் படைக்குச் சோறு தேடுகிறான். வெளியே இருப்பவன் அந்தச் சோற்றைத் தடுக்கிறான். இருவர் கணக்கிலும் ஊர் மக்கள் இல்லை!

யார் சரணடைந்தார் என்று மட்டும் கேட்டால் போதாது. அதற்கு முன் யார் பட்டினி கிடந்தார் என்றும் கேட்கவேண்டும்.