சுரங்கம் வந்தால் எல்லைச்சாமி எங்கே போகும்? நெய்வேலி எழுப்பும் கேள்வி

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பயிர் வளர்ந்து நின்ற நெல் வயல்களுக்குள் பொக்லைன்கள் இறங்கின. என்.எல்.சி.யின் 2வது சுரங்க விரிவாக்கத்துக்காக, பரவனாறு மாற்றுப்பாதைக் கால்வாய் தோண்டும் பணி அது. பயிர், இழப்பீடு, வேலை என விவாதம் சூடானது. ஆனால் நிலத்தோடு சேர்ந்து போகும் இன்னொன்றும் இருக்கு: ஊரின் பெயரும், அதன் எல்லையைக் காக்கும் சாமியும்.

பெயரில் என்ன இருக்கு?

இந்தப் பகுதியில் மும்முடிச்சோழகன் என்றொரு ஊர். 'மும்முடிச் சோழன்' முதலாம் ராஜராஜனின் பட்டப்பெயர். வளையமாதேவியில் உள்ள 'மாதேவி', செம்பியன் மாதேவி போன்ற சோழ அரசியரின் பெயர்களில் வரும் சொல். இப்படி ஊர்ப்பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பிலோ 'பிளாக்' எண்தான் முகவரி. சுரங்கங்களுக்கும் 1, 1ஏ, 2 என எண்கள்தான்.

சாமியை இடம் மாற்ற முடியாதா?

முடியும். ஊர் விட்டுப் போகிறவர்கள் பழைய கோயிலில் 'பிடிமண்' எடுத்துப்போய், புது இடத்தில் சாமியை நிறுவுவது தமிழர் வழக்கம். ஆனாலும் திருவிழாவுக்குத் தாய்க்கோயிலுக்கு வருவார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் அந்த மண்ணே தோண்டி எடுக்கப்படுகிறது. திரும்பி வர இடம் இருக்காது.

சட்டம் என்ன சொல்லுது?

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 3வது அட்டவணை, மறுகுடியமர்வுப் பகுதியில் வழிபாட்டு இடமும், 50 குடும்பங்களுக்கு ஒரு மரத்தடி மேடையும் வேண்டும் என்கிறது. கட்டடத்துக்கு வழி இருக்கு. ஆனால் காக்க எல்லையே இல்லாதபோது, எல்லைச்சாமிக்கு அங்கே என்ன வேலை? வயல், குளம், மேடு ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்கள் வைத்த பெயரும் இழப்பீட்டுப் பட்டியலில் வராது. அங்கே இருப்பது சர்வே எண்.

வெளிநாட்டில் எப்படி?

நம்ம ஊர் முனி மரம் போல, அயர்லாந்தில் தேவதைகள் கூடும் மரங்கள் உண்டு என்பது நம்பிக்கை. 1999இல் கிளேர் மாவட்டத்தின் லாட்டூனில், புதிய சாலைத் திட்டத்தில் அப்படி ஒரு முள்மரம் சிக்கியது. கதைசொல்லி எடி லெனிஹான் குரல் கொடுத்தார். சாலைத் திட்டம் மாற்றப்பட்டு மரம் தப்பியது. அங்கே ஊர்ப்பெயர்களுக்கென அரசுப் பிரிவும், யாரும் தேடிப் பார்க்கும் இணையத் தரவுத்தளமும் இருக்கு.

அப்போ இங்கே என்ன செய்யலாம்?

ஒரு மரத்துக்காகச் சாலை விலகலாம். நிலக்கரிப் படுகை விலகாது. ஆனால் தோண்டும் முன் வயல், குளம், சாமி இடங்களின் பெயர்களை, பெரியவர்கள் சொல்லும் கதையோடு வரைபடத்தில் பதியலாம். ஊர் சிதறிய பிறகு, அதைச் சொல்ல ஆளே இருக்காது.