சிசிடிவி இருக்கு... ஆனா ஃபுட்டேஜ் எங்கே? குட்டி மெமரி கார்டில் எத்தனை நாள் பதிவு தங்கும்?

நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். அடுக்குமாடி கேட், மளிகைக் கடை, தனி வீட்டு மாடி என எங்கு திரும்பினாலும் ஒரு கேமரா. 2017-ல் சென்னை காவல் ஆணையராக இருந்த ஏ.கே.விஸ்வநாதன் காலத்தில் தொடங்கிய 'மூன்றாவது கண்' திட்டம், 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு நகரம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு மக்களே சொந்தக் காசில் வாங்கி மாட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு சங்கிலிப் பறிப்போ, வண்டித் திருட்டோ நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது கேமரா இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, "பதிவு இருக்கா?" என்பதையும்தான். இந்த இரண்டும் ஒன்று கிடையாது. ஏன்?

கேமராவுக்குள் எவ்வளவு இடம்?

வைஃபை கேமரா என்பது லென்ஸ் மாட்டிய ஒரு குட்டிக் கணினி. அதற்குள் நிரந்தர நினைவகம் உண்டு. ஆனால் பல மாடல்களில் அது 8 அல்லது 16 எம்பிதான். கேமராவை இயக்கும் மென்பொருளுக்கே அது சரியாகப் போய்விடும். வீடியோவைச் சேமிக்க நாம்தான் தனியாக இடம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மைக்ரோ எஸ்டி கார்டு. கரண்ட் போனாலும் இதில் பதிந்தது அழியாது.

கணக்கு என்ன?

2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகிறது. அப்படியானால்:

- 32 ஜிபி கார்டு: சுமார் ஒன்றரை நாள்
- 128 ஜிபி கார்டு: சுமார் 6 நாள்
- 256 ஜிபி கார்டு: சுமார் 12 நாள்

கார்டு நிறைந்ததும் கேமரா நிற்காது. பழைய காட்சிக்கு மேலேயே புதியதை எழுதும். வெள்ளிக்கிழமை வெளியூர் போய் திங்கள்கிழமை திரும்பி வந்து பார்த்தால், 32 ஜிபி கார்டில் வெள்ளி ராத்திரி நடந்தது இருக்காது. அவ்வளவுதான்.

ஹெச்.265 முறையில் பதிந்தால் ஹெச்.264-ஐ விட ஏறக்குறைய பாதி இடம் போதும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி வைத்தாலும் நாட்கள் கூடும்.

பெரிய கார்டு போட்டால் போதுமா?

போதாது. மூன்று சிக்கல்கள் இருக்கு.

முதலாவது, பொருத்தம். 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஸ்டிஹெச்சி வகை. அதற்கு மேல் 2 டெராபைட் வரை எஸ்டிஎக்ஸ்சி வகை. பழைய கேமரா இரண்டாவது வகையைப் படிக்காமல் போகலாம். அதிகபட்சம் எத்தனை ஜிபி என்பது பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தேய்மானம். ஃபிளாஷ் நினைவகத்தை எண்ணிக்கையில்லாமல் அழித்து எழுத முடியாது. மேலே சொன்ன வேகத்தில் 32 ஜிபி கார்டு வருடத்துக்குச் சுமார் 245 முறை முழுதாக மாற்றி எழுதப்படுகிறது. 128 ஜிபி கார்டுக்கு அது 60 முறை மட்டுமே. அதாவது பெரிய கார்டு அதிக நாள் காட்சியையும் வைத்திருக்கும், அதிக காலமும் உழைக்கும். கேமராவுக்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று எழுதிய கார்டுகள் கிடைக்கின்றன.

மூன்றாவது, போலி. 256 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பதோ அதில் சிறு பங்குதான். கேமராவும் பதிவதாகவே சொல்லும். காட்சியைத் தேடும்போதுதான் குட்டு வெளிப்படும். வாங்கியதும் கம்ப்யூட்டரில் போட்டு, முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இடம் இருந்தும் அழிந்த பதிவு

இது வெறும் தெருத் திருட்டு விவகாரம் மட்டுமல்ல. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜெயராஜ், அவரது மகன் பென்னிக்ஸ் இருவரும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் முக்கியமான ஒன்றைக் குறிப்பிட்டார். நிலையத்தில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 காட்சிகள் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலைய சிசிடிவி பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த வசதியுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. நம் கணக்குப்படி ஒரே ஒரு கேமராவுக்கு 18 மாதம் என்றால் சுமார் 12 டெராபைட் வேண்டும். 1 டெராபைட் டிஸ்க் ஒரு கேமராவுக்கு 46 நாள்தான் தாங்கும். ஆக, கேமரா வாங்குவதைவிட சேமிப்பிடத்துக்குத்தான் பெரிய திட்டமிடல் தேவை.

சம்பவம் நடந்தால் என்ன செய்வது?

- முதலில் பதிவை நிறுத்துங்கள், அல்லது கார்டை எடுத்துவிடுங்கள். மேலே எழுதப்பட்டுவிட்டால் மீட்பது நடக்காத காரியம்.
- மொபைல் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் போதாது. அசல் ஃபைலை அப்படியே காப்பி எடுங்கள். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.
- 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவைச் சமர்ப்பிக்கும்போது ஹாஷ் எண்ணுடன் சான்றிதழ் கேட்கிறது. ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும்.
- கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் நல்ல காட்சியும் சந்தேகத்துக்கு இடமாகும்.

இன்னொன்று. கேமராவையே திருடன் கழற்றிக்கொண்டு போனால் கார்டும் கூடவே போய்விடும். அதனால் அடுக்குமாடிகளில் பூட்டிய அறைக்குள் ரெக்கார்டரும் ஹார்டு டிஸ்க்கும் வைப்பதுதான் பாதுகாப்பு.

இப்போதே உங்கள் கேமரா ஆப்பைத் திறங்கள். எந்தத் தேதி வரை பின்னால் போய்க் காட்சி பார்க்க முடிகிறது? உங்கள் தெருவுக்கு இருக்கும் உண்மையான பாதுகாப்பு அத்தனை நாள்தான்.